பிரபோஸ் செய்யும் முன் பேசி முடிக்க வேண்டியவை

கேள்வி: நாங்கள் மூன்று வருடமாகக் காதலிக்கிறோம். அடுத்த மாதம் அவள் பிறந்தநாளன்று பெசன்ட் நகர் பீச்சில், கடலில் சூரியன் மறையும் நேரம், நண்பர்கள் சுற்றி நிற்க மோதிரம் கொடுத்து பிரபோஸ் செய்ய ஆசை. அவளுக்கு எதுவும் முன்கூட்டியே தெரியக் கூடாது. எப்படித் திட்டமிடுவது?

பதில்: முதலில் நேரத்தை மாற்றுங்கள். பெசன்ட் நகரில் கடல் கிழக்கே இருக்கிறது, சூரியன் மறைவது உங்கள் முதுகுப்பக்கம், கட்டடங்களுக்குப் பின்னால். கடலும் சூரியனும் சேர்ந்து வேண்டுமென்றால் விடிகாலையில் போங்கள். மாதத்தைப் பொறுத்து ஏறக்குறைய 5.45 முதல் 6.35-க்குள் உதிக்கும். பிறந்தநாளும் வேண்டாம் என்பேன், அது அவருடைய நாளாகவே இருக்கட்டும்.

அப்புறம், எதுவும் தெரியக் கூடாது என்கிறீர்கள். நாளும் இடமும் தெரியாமல் இருந்தால் அழகுதான். ஆனால் கல்யாணம் என்ற பேச்சே அன்றைக்குத்தான் முதல்முறையாக வருகிறது என்றால், அந்த இன்ப அதிர்ச்சியில் இன்பம் எவ்வளவு இருக்கும் என்று சொல்ல முடியாது. கல்யாணத்துக்கு அப்புறம் எந்த ஊரில் இருப்பது, அவர் வேலை என்னவாகும், இரண்டு வீட்டிலும் சம்மதிக்காவிட்டால் என்ன செய்வது, இதையெல்லாம் சாதாரணமாக ஒரு டீ குடிக்கும்போது பேசிவிடுங்கள். அவர் சரி என்பார் என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்த பிறகுதான் மோதிரம்.

நண்பர்கள் விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். பத்து பேர் போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுக்கும்போது 'கொஞ்சம் யோசிக்கணும்' என்று எந்தப் பெண்ணாலும் சொல்ல முடியாது, அந்த இக்கட்டில் அவரை நிறுத்தாதீர்கள். ஆபீஸில் திடீரென்று கேக் வெட்டச் சொன்னால் அவர் சந்தோஷப்படுகிறவரா, எங்கேயாவது ஒளிந்துகொள்ளலாம் என்று பார்க்கிறவரா? உங்களுக்கே தெரியும். எப்படியானாலும் கேட்பது நீங்கள் இருவர் மட்டும் இருக்கும்போது நடக்கட்டும். அவருக்குக் கூட்டம் பிடிக்குமென்றால் நண்பர்களை ஒரு மணி நேரம் கழித்து டிபனுக்கு வரச் சொல்லுங்கள்.

மோதிரத்துக்கு, அவர் மோதிர விரலில் ஏற்கெனவே போடும் ஒன்றை ஒரு நாள் எடுத்து உள்விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்தால் போதும், கடைக்காரர் சைஸ் சொல்லிவிடுவார். சந்தேகமிருந்தால் சற்றுப் பெரியதாக வாங்குங்கள், குறைப்பது சுலபம். சுற்றிலும் கல் பதித்ததை மட்டும் தவிர்த்துவிடுங்கள், அதைக் குறைக்கவும் கூட்டவும் கஷ்டம். தங்கமென்றால் ஹால்மார்க்கோடு எச்.யு.ஐ.டி., அதாவது எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இடங்களில் வரும், அந்த நகைக்கே உரிய அடையாளக் குறியீடு, இருக்கிறதா என்று பாருங்கள், இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அதைச் சரிபார்க்கலாம்.

அவர் சரி என்று சொன்னதும் போட்டோவை ஸ்டேட்டஸில் போடத்தான் கை போகும். போடாதீர்கள். அவர் அம்மா அப்பாவுக்கு இந்தச் செய்தி சொந்தக்காரர் யாரோ அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் போய்ச் சேரக் கூடாது. இரண்டு வீட்டிலும் யார், எப்போது சொல்வது என்று அங்கேயே உட்கார்ந்து இருவருமாக முடிவு செய்துவிட்டு எழுந்திருங்கள்.