டென்னிஸ் ஆடுவோருக்குத் தோள்பட்டை வலி ஏன் வருகிறது?

காட்பாடியில் மாலைதோறும் டென்னிஸ் ஆடும் ஒருவர், சர்வீஸ் போடும்போது மட்டும் தோள் வலிப்பது ஏன் என்று கேட்டிருக்கிறார். மேற்கை எலும்பின் உருண்டைத் தலையை அதன் ஆழமற்ற குழியில் பிடித்துவைப்பவை 4 சிறு தசைகள். இவற்றை எலும்போடு இணைக்கும் நார்களான தசைநாண்கள் மிகை உழைப்பால் நைந்துபோவதே இத்தகைய வலிக்குப் பெரும்பாலும் காரணம்.

பந்தை அடித்த பின் கையின் வேகத்தை அடக்கும் வேலை, தோளின் பின்புறமுள்ள சிறு தசைகளின் தலையில் விழுகிறது. பாலாற்றங்கரைக் கிணறுகளில் ராட்டினம் சற்றே கோணினால், கயிறு பள்ளத்தை விட்டு விலகி விளிம்பில் உரசி இழை இழையாகப் பிரியும். தசைகள் களைத்து உருண்டை இடம் பிசகும்போது தசைநாணுக்கும் அதே கதிதான். கயிற்றுக்கு மருந்து தடவி என்ன பயன், ராட்டினத்தையல்லவா நேராக்க வேண்டும்!

ஆகவே சில வாரங்கள் சர்வீஸையும், தலைக்கு மேலிருந்து ஓங்கி அடிக்கும் ஸ்மாஷையும் நிறுத்திவிட்டு, முழங்கையை மடக்கி விலாவோடு ஒட்டி, கதவுக் கைப்பிடியில் கட்டிய ரப்பர் பட்டையை வெளிப்புறமாக மெல்ல இழுக்கும் பயிற்சியை இயன்முறை மருத்துவர் சொல்லும் அளவில் செய்வதே முதல் சிகிச்சை. கீழே விழுந்த பின் கையைத் தூக்கவே முடியாவிட்டால் உடனே எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

கையை அசைக்காமல் கட்டிப்போட்டால் வலி ஆறிவிடும் என்று பலர் நினைப்பது தவறு. நாள்கணக்கில் அப்படி வைத்தால் மூட்டு இறுகி, சட்டை மாட்டுவதற்கே கை பின்னால் போகாது.