செல்லுக்குள் இருப்பது திரவமா, ஜெல்லா? தொடாமல், லேசரால் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். ஜெர்மனியின் டிரெஸ்டனில் மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் 2018இல் புழு முட்டைக்குள் இருக்கும் திரவத்தை லேசரால் நகர்த்திக் காட்டினார்கள்.

நீர் நன்றாக உறிஞ்சும் 1455 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசரை ஒரே கோட்டில், ஒரே திசையில், நொடிக்கு ஆயிரம் தடவைபோல ஓட்ட வேண்டும். சூடான புள்ளியில் திரவம் விரிகிறது, பாகுத்தன்மையும் (ஓட விடாத கெட்டித்தன்மை) அங்கே குறைகிறது. இரண்டும் சேர, திரவம் லேசர் ஓடும் திசைக்கு எதிராக நகரும்.

உள்ளே இருக்கும் துகள்களைக் கவனியுங்கள். லேசர் எரியும்வரை நகர்ந்துகொண்டே இருந்து, அணைத்ததும் அப்படியே நின்றால் திரவம். கொஞ்சம் நகர்ந்து நின்று, அணைத்ததும் பழைய இடத்துக்கே திரும்பினால் ஜெல். பாதி வழி திரும்பினால் இரண்டும் கலந்தது.

பலரும் சறுக்கும் இடம்: வேகம் குறைந்தால் பாகுத்தன்மை அதிகம் என்று நினைப்பது. எளிய திரவத்தில் வேகத்தைத் தீர்மானிப்பது பாகுத்தன்மையின் அளவு அல்ல. வெப்பத்தால் அது எத்தனை சதவீதம் மாறுகிறது என்பதே. வெப்ப உயர்வின் வர்க்கத்துக்கு ஏற்பவும் வேகம் கூடும். அதனால் சூடேறினால் ஒளி மங்கும் ரோடமின் பி சாயத்தை வைத்து வெப்பநிலையை முதலில் அளந்துவிடுங்கள். சில டிகிரிக்கு மேல் போனால் செல்லே மாறிவிடும்.

ஸ்கேன் திசையைத் திருப்பியும் பாருங்கள். நகர்வின் திசையும் மாறாவிட்டால் நீங்கள் பார்ப்பது வெறும் சூட்டின் விளைவு.