காப்பீட்டு நிறுவன வேலைக்கு மகளை அனுப்பலாமா?

கேள்வி: பி.காம். முடித்த என் மகளுக்குக் காரைக்குடியில் தனியார் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் விற்பனைப் பிரிவில் வேலை கிடைத்திருக்கிறது. என் கொழுந்தனாரோ, ‘சொந்தக்காரர் வீட்டுப் படியேறிப் பாலிசி கேட்கும் வேலை நம் பெண்ணுக்கு வேண்டாம்’ என்கிறார். தங்கள் கருத்து என்ன?
- வாசகி, தேவகோட்டை

பதில்: பாலிசி கேட்டுப் படியேறுவதில் இழிவு ஏதுமில்லை. 1937-இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கிய எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார், யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தையும் நடத்தியவர். 1956-இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையானபோது அந்நிறுவனம் எல்.ஐ.சி.யில் இணைந்தது. நம் செட்டிநாட்டுச் சீமைக்கு இத்தொழில் புதியதன்று.

ஆனால், உறவினரைப் பற்றிய தங்கள் கொழுந்தனாரது அச்சத்தை நான் ஒதுக்கமாட்டேன். விற்பனைப் பிரிவில் மாதந்தோறும் இலக்கு உண்டு. புதிதாகச் சேர்பவரிடம் தெரிந்தவர்களின் பெயர்ப் பட்டியலைத்தான் பெரும்பாலும் முதலில் கேட்பார்கள். கோயில் திருவிழாவிலும் கல்யாணத்திலும் பங்காளிகளும் தாயபிள்ளைகளும் ஒன்றுகூடும் நம் ஊர்களில் அப்பட்டியல் விரைவில் நிரம்பிவிடும். சில மாதங்களில் தீர்ந்தும் விடும், இலக்கு மட்டும் தீராது. அந்த நெருக்கடியில், வருமானத்துக்கு மீறிய பிரீமியத்தை ஒரு சித்தப்பாவின் தலையில் கட்டி, அவர் ஓரிரு ஆண்டுகளில் கட்ட முடியாமல் நிறுத்திவிட்டால், கட்டிய பணத்தில் கணிசமான பகுதி போய்விடக்கூடும், உறவும் கசந்துவிடும்.

இரண்டு இடங்களில் தங்கள் மகள் உறுதியாக நிற்க வேண்டும். ‘முதல் பிரீமியத்தில் உன் கமிஷனைக் கழித்துக்கொள்’ என்று வேண்டியவர்களே கேட்பார்கள். காப்பீட்டுச் சட்டத்தின் 41-ஆம் பிரிவின்படி அவ்வாறு கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். மற்றது விண்ணப்பப் படிவம். சர்க்கரை நோய் இருப்பவருக்கு ‘இல்லை’ என்று எழுதிப் பாலிசி வாங்கிக் கொடுத்து, மூன்று ஆண்டுகளுக்குள் அவர் இறந்துவிட்டால், உண்மையை மறைத்த காரணத்தைக் காட்டி நிறுவனம் இழப்பீட்டை மறுக்க 45-ஆம் பிரிவு இடம் தருகிறது. இலக்கை எட்ட எழுதிய ஒரு சொல், ஒரு குடும்பத்தின் சோற்றைப் பறித்துவிடும்.

நேர்மையாகச் செய்தால் இதைவிடப் பயனுள்ள வேலைகள் குறைவு. சம்பாதித்தவர் திடீரென்று மறைந்த வீட்டில், கடன்காரர் வருவதற்கு முன் காப்பீட்டுத் தொகை வந்து சேர்வது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அனுபவித்தவர்களே அறிவர். மேலும், வேலையில் இருந்துகொண்டே மும்பையின் இன்ஷூரன்ஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் இந்தியா நடத்தும் லைசென்ஷியேட், அசோசியேட், ஃபெலோ தேர்வுகளை எழுதினால், இழப்பீட்டுப் பிரிவு, பாலிசி ஏற்புப் பிரிவு போன்ற அலுவலகப் பணிகளுக்கு நகர்வது எளிதாகும். பொதுத்துறை நிறுவனங்களின் தேர்வுகளுக்கும் அந்தப் படிப்பு உதவும். அங்கே சம்பளமும் பணிப் பாதுகாப்பும் உறுதி, இடமாற்றத்துக்கு மட்டும் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

எனவே, நிலையான சம்பளம் எவ்வளவு, ஊக்கத்தொகை எவ்வளவு, இலக்கு தவறினால் என்ன செய்வார்கள் என்பவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தயங்காமல் எழுதிக் கொடுத்தால் அனுப்புங்கள். மழுப்பினால், வேறு நிறுவனத்தைப் பாருங்கள்.

கேள்வி: முகவராக இருப்பதும் இதே வேலைதானா?
- வாசகர், பள்ளத்தூர்

பதில்: இல்லை. முகவர் ஊழியர் அல்லர். அவருக்குச் சம்பளம் கிடையாது, கமிஷன் மட்டுமே. தகுதித் தேர்வில் தேற வேண்டும். பாலிசிதாரர் தொடர்ந்து கட்டும் வரை புதுப்பித்தல் கமிஷன் வருவதால், பொறுமையுள்ளவருக்குப் பிற்காலத்தில் நல்ல வருவாய் உண்டு. உடனே மாத வருமானம் தேவைப்படுபவர் இதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம்.