கடலோர வீட்டுக்கு அடர் நிறம்: கேள்வி பதில்

முத்தியால்பேட்டை: ஹாலில் ஒரு சுவருக்கு மட்டும் அடர் நீலம் அடிக்கலாமா?

அடிங்க. அதுக்கு முன்னால சுவரின் கீழ்ப்பகுதியைத் தடவிப் பாருங்க. கையில் வெள்ளைப் பொடி ஒட்டினா உப்பு பூத்திருக்கு. அதன்மேல் எமல்ஷன் பெயின்ட் அடிச்சா ஈரம் உள்ளேயே அடைபட்டு, பெயின்ட் பொரிஞ்சு உதிரும். நீலத்தில் அந்த வெள்ளைக் கறை பளிச்சுன்னு தெரியும்.

லாஸ்பேட்டை: ஆத்தங்குடி கல்லை எல்லா அறையிலும் போட ஆசை.

எல்லா அறையிலும் வேண்டாம்மா, கண்ணுக்கு ஓய்வு வேணும். ஹால் நடுவில் ஜமுக்காளம் விரிச்ச மாதிரி பூக்கல், சுற்றிலும் கறுப்புக் கடப்பா கல். இது எடுபடும். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டது இல்லை. கண்ணாடித் தகட்டின்மேல் சாயக் கலவை ஊற்றி, சிமென்ட் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. மழமழப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது. கடப்பாவோ சுண்ணாம்புக்கல். ரெண்டுக்கும் ஆசிட் ஆகாது; எலுமிச்சைச் சாறு சிந்தினாலே கடப்பா வெளுத்துடும். ரெண்டின் கனமும் வேற, மேஸ்திரிகிட்ட முதல்லயே சொல்லிடுங்க.

தேவனாம்பட்டினம்: தேக்குப் பலகைக்குக் கறுப்பு இரும்புச் சட்டம்?

ஜோடி அழகு. ஆனா உப்புக்காற்று. கீறல் விழுந்த இடத்தில் துரு கிளம்பும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்னா 304 ரகம் வேண்டாம், உப்பை இன்னும் நல்லா தாங்குற 316 ரகம் கேளுங்க.

நெல்லிக்குப்பம்: அடர் நிறம் அறையைச் சின்னதாக்குமே?

அறையைச் சின்னதாக்குறது நிறமில்லை, சுவரும் கூரையும் சந்திக்கிற வெள்ளைக் கோடு. கூரைக்கும் அதே நிறம் கொடுங்க, கோடு மறையும்.

அதே நண்பர் மறுபடி: இதெல்லாம் பிரெஞ்சு ரசனை, நம்ம வீட்டுக்கு ஒட்டாது.

சார், புதுச்சேரி வைசியாள் வீதிப் பக்கம் நடந்து பாருங்க. கீழே திண்ணையும் மரத்தூணும், மேல்மாடியில் பிரெஞ்சு வளைவு ஜன்னல், ரெண்டும் ஒரே வீட்டில். மரமும் சுண்ணாம்புப் பூச்சும் எதிரெதிரா நிற்கிறதுதான் அங்கே அழகு. யார் ரசனைன்னு பங்கு பிரிக்க முடியுமா?

இன்னொருவர்: அப்போ புதுச்சேரி பிரெஞ்சுப் பகுதியான வொயிட் டவுன் வீடுகளின் வெளிச்சுவர் மஞ்சளை உள்ளேயும் அடிக்கலாமே?

அது வெயிலுக்கான மஞ்சள். வெள்ளை டியூப் லைட்டில் பச்சையடிச்சுத் தெரியும். மஞ்சள் வெளிச்சம் தர்ற 2700 அல்லது 3000 கெல்வின் பல்பு போட்டுட்டு முடிவு பண்ணுங்க.

கடலூர் முதுநகர்: பூஜை அறைக்கு வாஸ்துப்படி என்ன நிறம்?

என் துறை இல்லை.

அரியாங்குப்பம்: படுக்கையறையில் கரும்பச்சை…

சுவரைத் தடவினீங்களா? முதல் பதிலைப் படிங்க.

காலாப்பட்டு: வாடகை வீடு, நீலம் அடிக்கலாமா?

வீட்டுக்காரரைக் கேளுங்க தம்பி. அப்புறம் சுவரைத் தடவுங்க.