‘நல்ல ஐடியாதான்…’ என்று ஆரம்பித்தாலே ஆள் உஷாராகிவிடுவார்

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் புரொடக்‌ஷன் மேனேஜராக இருக்கிறேன். 17 வருட அனுபவம். போன மாதம் திங்கட்கிழமை மீட்டிங்கில், பிளானிங்கில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒரு யோசனை சொன்னார். காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காமல் இருக்க மெஷினில் அழுத்தும் வேலை) முடிந்து வரும் துணியை, இழுவை தளர ஒரு நாள் பிரித்துப் போட்டு ரிலாக்ஸ் ஆக விடாமல் நேராக கட்டிங்குக்கு அனுப்பினால் ஷிப்மென்ட்டில் ஒரு நாள் மிச்சமாகும் என்றார். “அதெல்லாம் சரிப்படாதும்மா, அளவு குறைஞ்சிரும்” என்றேன். நான் சொன்னது சரிதான். ஆனால் அதற்கப்புறம் அவர் மட்டுமல்ல, யாருமே வாய் திறப்பதில்லை. முதலாளி தனியாகக் கூப்பிட்டு, “மத்தவங்களையும் கொஞ்சம் பேச விடுங்க” என்கிறார். தப்பான யோசனைக்கும் தலையாட்ட வேண்டுமா?

பதில்: தலையாட்ட வேண்டாம். ரோலில் இழுவையோடு சுற்றி வந்த பின்னல் துணியை அப்படியே வெட்டினால் பீஸ் அளவு குறையும். 17 வருடம் இதைப் பார்த்தவர் சொல்லாமல் இருந்தால்தான் தப்பு.

ஆனால் அந்தப் பெண் அன்று இரண்டு விஷயம் சொன்னார். துணியை ரிலாக்ஸ் செய்ய வேண்டாம் என்றது ஒன்று. நமக்கு ஒரு நாள் இடிக்கிறது என்றது இன்னொன்று. முதலாவது தப்பு. இரண்டாவது? அதை யாரும் கேட்கவே இல்லை. உங்கள் ஒற்றை வரி இரண்டையும் சேர்த்து மூடிவிட்டது.

“எந்த ஆர்டரும்மா? அந்த ஒரு நாள் எங்க இடிக்குது?” என்று கேட்டிருந்தால் பேச்சு வேறு பக்கம் போயிருக்கும். டையிங்கிலிருந்து துணி தாமதமாக வருவது வெளியே வந்திருக்கலாம். அல்லது எல்லாத் துணிக்கும் ஒரே கணக்காக 24 மணி நேரம் போட்டு வைத்திருப்பது தெரிந்திருக்கலாம். அப்புறம் உங்கள் அனுபவத்தை எடுத்து வையுங்கள்: “லைக்ரா கலந்து நல்லா இழுபடுற துணியில இதைத் தொடவே கூடாது. லைக்ரா இல்லாத இன்டர்லாக் பின்னல் துணிக்கு எத்தனை மணி நேரம் போதும்னு ஒரு ரோல்ல பார்த்துருவோம்.” துணியைப் பிரித்துத் தளர்வாக விரித்து, 50 செ.மீ. சதுரம் குறித்து, 6, 12, 24 மணி நேரம் கழித்து அளந்தால் போதும். 12 மணி நேரத்துக்கு மேல் அளவு மாறவில்லை என்றால் அரை நாள் மிச்சம். மாறினால் உங்கள் வார்த்தைதான் நின்றது, அதுவும் டேப் வைத்து அளந்த கணக்கோடு. இரண்டில் எது நடந்தாலும் அந்தப் பெண் அடுத்த வாரமும் பேசுவார்.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: உங்கள் மறுப்பை மென்மையாக்க வேண்டாம், அதை ஒரு நிபந்தனையாக மாற்றுங்கள். ‘அளவு குறையும்’ என்பது கதவை மூடுகிறது. ‘அளவு குறையாம இதைச் செய்ய முடியுமா?’ என்பதிலும் அதே எச்சரிக்கைதான் இருக்கிறது, ஆனால் யோசிக்கும் வேலை சொன்னவரிடமே திரும்பிப் போகிறது.

மென்மையாக்குவதில் நம் மொழியிலேயே ஒரு பொறி இருக்கிறது. ‘நல்ல ஐடியாதான்’ என்று சொல்லிப் பாருங்கள். அந்த ‘தான்’ விழுந்தவுடனேயே பின்னால் ஒரு ‘ஆனா’ வரப்போகிறது என்று கேட்பவருக்குத் தெரிந்துவிடும். முதலில் சொன்ன பாராட்டு காதிலேயே ஏறாது. முதலில் பாராட்டு, நடுவில் குறை, கடைசியில் பாராட்டு என்று சில பயிற்சி வகுப்புகளில் சொல்லித் தருகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை போய் ரொம்ப நாளாகிறது. பாராட்ட உண்மையிலேயே ஏதாவது இருந்தால், எது என்று குறிப்பாகச் சொல்லுங்கள்: “துணி ஒரு நாள் சும்மா கிடக்குதுன்னு கவனிச்சிருக்கீங்களே, அதை நாங்க யாரும் கணக்குல எடுக்கலை.” இல்லையென்றால் பாராட்டாமலே கேள்விக்குப் போய்விடலாம்.

இன்னொரு ஆபத்தான சொல் ‘பார்க்கலாம்’. நம் ஊரில் அது ‘முடியாது’ என்பதற்கான மரியாதையான பெயர். நேரம் இல்லாவிட்டால், “இன்னைக்கு ஷிப்மென்ட் டென்ஷன், புதன்கிழமை சாப்பாட்டுக்கு முன்னாடி என் டேபிளுக்கு வாங்க” என்று நாளையும் நேரத்தையும் சொல்லுங்கள். புதன்கிழமை நீங்கள் மறந்துபோனால் அது ‘பார்க்கலாம்’ என்றதைவிட மோசம்.

உங்களைப் போன்றவர்களுக்கு இந்தப் பழக்கம் ஏன் வருகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். குறை சொல்பவர் கெட்டிக்காரராகத் தெரிவார். உளவியலாளர் தெரசா அமபிலே 1983-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே புத்தக மதிப்புரையைக் கடுமையாகவும் சாதகமாகவும் இரண்டு விதமாகத் திருத்திப் படிக்கக் கொடுத்தார். கடுமையாக எழுதியவரையே படித்தவர்கள் அதிக அறிவாளி என்று மதிப்பிட்டார்கள். கூடவே, அன்பு குறைந்தவர் என்றும். மீட்டிங்கிலும் அதேதான். ‘சார் கரெக்டா புடிச்சிட்டாரு’ என்ற பேர் கிடைப்பது ஒரு போதை. நானும் அதில் சில வருடம் இருந்தவன். ஒரு ஸ்டோர்ஸ்காரர் லேபிள்களை ஆர்டர் வாரியாகப் பிரித்து வைக்கலாம் என்றபோது, இடம் எங்கே என்று ஒரே கேள்வியில் உட்கார வைத்தேன். பிறகு வேறொருவர் அதையே சொன்னபோது சரி என்றேன். முதலில் சொன்னவர் அப்போது அதே அறையில்தான் இருந்தார்.

மீட்டிங் சீக்கிரம் முடிவதை நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஹார்வர்டின் ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கிய குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. அங்கே தவறு கூடுதலாக நடந்தது என்று அர்த்தமில்லை, நடந்ததை மறைக்காமல் பேசினார்கள் என்ற முடிவுக்கு அவர் வந்தார். உங்கள் ஃபுளோரில் தப்பான பீஸ் ஓடுவதை முதலில் பார்ப்பவர் செக்கிங் டேபிளில் இருப்பவர். அவர் வாயைத் திறக்க யோசித்தால் நஷ்டம், சரக்கு வாங்கும் பையர் பணத்தைப் பிடித்துக்கொள்ளும் டெபிட் நோட்டாக வரும்.

சரி, குறை கண்டுபிடிக்கும் உங்கள் கண்ணை என்ன செய்வது? அது வேண்டியதுதான், அதற்குத் தனி நேரம் கொடுங்கள். பிரெய்ன்ஸ்டார்மிங் முறையைப் பரப்பிய அமெரிக்க விளம்பரக்காரர் அலெக்ஸ் ஆஸ்போர்ன்கூட விமர்சனத்தைப் பின்னால் தள்ளி வைக்கத்தான் சொன்னார், ஒழிக்கச் சொல்லவில்லை. முதல் 15 நிமிடம் யோசனை மட்டும், நீங்களும் முதலாளியும் கடைசியில் பேசுங்கள். பெரியவர் முதலில் பேசினால் மற்றவர்கள் ஆமாம் போடத்தான் இருப்பார்கள். அப்புறம், ஒரு யோசனை முடிவாகும் கட்டத்தில் உளவியலாளர் கேரி கிளைன் 2007-இல் எழுதிய முறையைப் பயன்படுத்துங்கள்: “இதைச் செஞ்சோம், ஷிப்மென்ட் கெட்டுப்போச்சுன்னு வச்சுக்குங்க. ஏன் கெட்டுச்சுன்னு ஆளுக்கு ரெண்டு காரணம் எழுதுங்க.” இப்போது குறை சொல்வது எல்லோருடைய வேலை. உங்கள் காரணம் எல்லோருடையதையும்விடக் கூர்மையாக இருக்கும், ஆனால் யாருக்கும் குத்தாது.

விதிவிலக்கு உண்டு. உடைந்த ஊசித் துண்டைக் காட்டிக்கொடுக்கும் நீடில் டிடெக்டரில் போடாமலே பீஸ் அனுப்பலாம் என்று யாராவது சொன்னால் கேள்வி, நிபந்தனை எதுவும் வேண்டாம். “முடியாது, குழந்தைத் துணியில ஊசி முனை போயிரும்” என்று ஒரே வரியில் முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: திங்கட்கிழமை மீட்டிங்குக்குக் காத்திருக்காமல், அதற்கு முன்பே அந்தப் பெண்ணின் டேபிளுக்கு நீங்களே போங்கள். அவரை உங்கள் கேபினுக்குக் கூப்பிட வேண்டாம், அது விசாரணை மாதிரி ஆகிவிடும். “அன்னைக்கு நீங்க சொன்னதை முழுசா கேட்காம நிறுத்திட்டேன். அந்த ஒரு நாள் எதுக்குத் தேவைப்பட்டுச்சு?” என்று கேளுங்கள். முதல் தடவை “ஒண்ணுமில்லீங்க சார்” என்றுதான் சொல்வார். வற்புறுத்த வேண்டாம். ஒரு இன்டர்லாக் ரோலைப் பிரித்து விரிக்கச் சொல்லி, சதுரம் குறிக்கும்போது அவரையும் கட்டிங்குக்கு வரச் சொல்லுங்கள்.