நீல ஓஎல்இடியில் ஹோஸ்ட் பொருளை மாற்றினால் திறன் எப்படிக் கூடுகிறது?
மின்சாரம் பாய்ந்தால் ஒளிரும் கரிமப் படலமான ஓஎல்இடியில் ஒளி தருவது ஹோஸ்டில் (சாயத்தைத் தாங்கும் பொருளில்) சிறிதளவு கலந்திருக்கும் சாயம்தானே, ஹோஸ்டை மாற்றி என்ன பயன் என்று கேட்டிருக்கிறீர்கள். பயன் நிறையவே இருக்கிறது.

மின்னோட்டத்தால் உருவாகும் கிளர்வுநிலைகளில் (மூலக்கூறு கூடுதல் ஆற்றலோடு இருக்கும் நிலைகளில்) ஏறத்தாழ 75 சதவீதம் டிரிப்லெட், அதாவது இரு எலக்ட்ரான்களின் தற்சுழற்சி ஒரே திசையில் இருக்கும் வகை. இந்த ஆற்றல், பள்ளத்தைக் கண்ட தண்ணீர் போல, தாழ்ந்த மட்டம் எங்கிருக்கிறதோ அங்கே போய்விடும். ஃபிர்பிக் என்ற நீல இரிடியம் சாயத்தின் டிரிப்லெட் மட்டம் சுமார் 2.65 எலக்ட்ரான் வோல்ட். பச்சைச் சாயங்களுக்கு அருமையாக வேலை செய்த சிபிபி என்ற ஹோஸ்டுக்கோ 2.56தான். அதனால் சாயத்தில் நிற்க வேண்டிய ஆற்றல் ஹோஸ்டுக்கே திரும்பிக் கசிந்து, ஒளியாகாமல் வீணாகிறது.

சரி, மட்டத்தை எப்படி உயர்த்துவது? இரண்டு கார்பசோல்களுக்கு (நைட்ரஜன் கொண்ட வளையத் தொகுதிகளுக்கு) நடுவே சிபிபியில் இரண்டு பென்சீன் வளையங்கள் உண்டு. ஒன்றை எடுத்துவிட்டு, மீதமுள்ள வளையத்தின் மெட்டா இடங்களில் (நடுவே ஒரு கார்பன் விட்டு) கார்பசோல்களைப் பொருத்தினால் எம்சிபி என்ற ஹோஸ்ட் கிடைக்கும். எலக்ட்ரான் பரவும் பாதை சுருங்க, மட்டம் 2.9க்கு ஏறுகிறது. எனக்கு மிகவும் பிடித்த மூலக்கூறு வடிவமைப்பு இதுதான்! 2003இல் இந்த மாற்றமே வெளிக் குவாண்டம் திறனை (செலுத்திய எலக்ட்ரான்களுக்கு எத்தனை ஒளித்துகள்கள் வெளியே வருகின்றன என்ற விகிதத்தை) 7.5 சதவீதத்துக்குக் கொண்டுபோனது.

ஆனால் எம்சிபி பெரும்பாலும் துளைகளையே (எலக்ட்ரான் இல்லாததால் நேர்மின்னாக நடந்துகொள்ளும் இடங்களையே) கடத்தும், எலக்ட்ரான்கள் பின்தங்கும். அதனால்தான் இரண்டையும் கடத்தும் இருமுனை ஹோஸ்டுகளும் கலப்பு ஹோஸ்டுகளும் வந்தன. ஆயுள்தான் இன்னும் தீராத சிக்கல்: நீலக் கிளர்வின் ஆற்றல், ஹோஸ்டின் கார்பன்–நைட்ரஜன் பிணைப்பையே முறிக்கும் அளவுக்குப் போகிறது.