46 இருக்க வேண்டிய இடத்தில் 47

கேள்வி: ஏழு மாதமாகும் என் மகளுக்கு டவுன் சின்ட்ரோம் என்கிறார்கள். பரிசோதனை அறிக்கையில் 47 குரோமோசோம் என்று இருக்கிறது. எனக்கு வயது 27. கணவர் என் தாய்மாமன் மகன். சொந்தத்தில் கட்டியதும், கர்ப்பத்தில் கிரகணத்தன்று நான் வெளியே சென்றதும்தான் காரணம் என்கிறார் மாமியார். அடுத்த குழந்தைக்கும் இப்படி வருமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, உங்கள் மகளின் குரோமோசோம் எண்ணிக்கை அவள் கருவான கணத்திலேயே முடிவாகிவிட்டது, அதற்குப் பிறகு வந்த எந்தக் கிரகணமும் அதை மாற்றியிருக்க முடியாது. சொந்தத் திருமணத்தால், பெற்றோர் இருவரிடமும் மறைந்திருக்கும் ஒரே மரபணுக் குறை பிள்ளையிடம் ஒன்றுசேரும் வாய்ப்பு கூடுவது உண்மைதான், ஆனால் இது அவ்வகை நோயன்று.

நம் உடல் செல்களில், மரபணுக்களைத் தாங்கும் இழைகளான குரோமோசோம்கள் 23 ஜோடிகளாக 46 உள்ளன. தாயுடையதும் தந்தையுடையதும் முழுமையாகச் சேர்ந்தால் பிள்ளைக்கு 92, பேரப்பிள்ளைக்கு 184 என்று பெருகிவிடும் என்பதால், கருமுட்டையும் விந்தணுவும் உருவாகும்போது குன்றல் பகுப்பு நிகழ்ந்து, ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் ஒன்று மட்டுமே அவற்றுக்குள் செல்கிறது. பெண்ணின் முட்டைகளில் இந்தப் பகுப்பு அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே தொடங்கிப் பாதியில் நின்று, பல ஆண்டுகள் கழித்து, அந்தந்த முட்டை முதிரும் மாதத்தில்தான் மீண்டும் தொடர்கிறது. இத்தனை நீண்ட காத்திருப்பில் ஜோடிகளைப் பிணைத்திருக்கும் பிடி தளர்ந்து, 21ஆம் ஜோடி பிரியாமல் ஒரே பக்கம் சென்றுவிடுவதுண்டு. சில வேளை விந்தணுவிலும் இது நேர்கிறது. அப்போது பிள்ளைக்கு 21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாகி, மொத்தம் 47 ஆகிவிடுகிறது; இதுவே டவுன் சின்ட்ரோம். தாய்க்கு 25 வயதானால் ஏறக்குறைய 1,250 பிறப்புகளில் ஒன்றிலும், 40 வயதானால் 100இல் ஒன்றிலும் இது காணப்படுகிறது. உணவாலோ நடத்தையாலோ இதைத் தடுக்க எவராலும் இயலாது. 1959இல் மார்த் கோத்தியே, ஜெரோம் லெஜூன் முதலிய பிரெஞ்சு ஆய்வாளர்கள் இந்தக் கூடுதல் குரோமோசோமை அறிவிப்பதற்கு முன் எத்தனையோ தாய்மார் உங்களைப் போலவே வீண்பழி சுமந்தார்கள் என்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது.

அறிக்கையில் 47 என்று இருப்பதால், 21ஆம் குரோமோசோம் தனியாகவே கூடியிருக்கிறது. அடுத்த குழந்தைக்கு இது வரும் வாய்ப்பு சுமார் 100இல் ஒன்றே. (எண்ணிக்கை 46ஆகவே இருந்து, கூடுதல் 21 வேறொன்றோடு ஒட்டியிருந்தால் உங்கள் இருவரையும் பரிசோதிக்க வேண்டியிருக்கும்.) மீண்டும் கருவுறும் முன் மரபியல் ஆலோசகரைச் சந்தியுங்கள், மாமியாரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். கர்ப்பத்தின் 11 முதல் 14 வாரங்களுக்குள் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளலாம்.

அதைவிட அவசரமானது மகளின் இதயம். இக்குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இதயக் குறை இருக்கும். பெரும்பாலானவற்றை அறுவை சிகிச்சையால் சரிசெய்ய முடியும். இதயத்துக்கான ஸ்கேனாகிய எக்கோ இன்னும் எடுக்கவில்லையெனில் இந்த வாரமே எடுங்கள். தைராய்டு, செவித்திறன் பரிசோதனைகளையும் இயன்முறைப் பயிற்சியையும் அதோடு தொடங்கிவிடுங்கள்.